பைத்தானில் எஃப்டிபி முகவரிகளைக் கட்டுவதும் பிரிப்பதும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

எஃப்டிபி என்பது கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும் நெறிமுறை. அதன் முகவரி பார்வைக்கு எளிமையானது. நாலைந்து ஸ்ட்ரிங்குகளை ஒட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். பெரும்பாலான நேரம் அப்படி ஒட்டியது ஓடவும் செய்யும். பாஸ்வேர்டில் ஒரு சாய்கோடோ, கோப்பின் பெயரில் ஒரு ஹேஷ் குறியோ வந்து சேரும் நாளில்தான் உடையும். உடையும்போதும் 'முகவரி தவறு' என்று சொல்லாது. 'சர்வர் கிடைக்கவில்லை', 'கோப்பு இல்லை' என்று சம்பந்தமில்லாத இடத்தைக் காட்டும். அதனால்தான் இந்தப் பிழைகளைப் பிடிக்க நேரம் பிடிக்கிறது.

இதைத் தவிர்க்கப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு ஒன்றே ஒன்று. பிரிக்கும்போது முதலில் துண்டாக்க வேண்டும், அதன் பிறகே டீகோட் (%40 போன்ற குறியீடுகளை மீண்டும் எழுத்துகளாக்குவது). கட்டும்போது முதலில் ஒவ்வொரு துண்டையும் என்கோட் செய்ய வேண்டும் (எழுத்துகளை அத்தகைய குறியீடுகளாக்க வேண்டும்), அதன் பிறகே ஒட்ட வேண்டும். இந்த வரிசை மாறினால் கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் ஏதாவது ஒன்று நிச்சயம் வரும்.

பைத்தான் 3-இல் இதற்குத் தேவையானவை எல்லாம் கூடவே வருகின்றன: முகவரிக்கு யூஆர்எல்லிப் தொகுப்பில் உள்ள பார்ஸ் மாட்யூல், சர்வரோடு பேச எஃப்டிபிலிப். ஃபங்க்ஷன் பெயர்களையும் எடுத்துக்காட்டு முகவரிகளையும் இங்கே உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். எடிட்டரில் அடிக்கும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

முகவரியின் உறுப்புகள்

முழு வடிவம் இது:

எஃப்டிபி://பயனர்:பாஸ்வேர்டு@சர்வர்:போர்ட்/ஃபோல்டர்1/ஃபோல்டர்2/கோப்பு;டைப்=ஐ

இந்த வடிவத்தை வரையறுத்தது 1994 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 1738 என்ற இணையத் தர ஆவணம். எல்லா வகை முகவரிகளுக்குமான பொது இலக்கணத்தை 2005 ஜனவரியில் ஆர்எஃப்சி 3986 திருத்தி எழுதியது. எஃப்டிபியில் ஒவ்வொரு துண்டுக்கும் என்ன பொருள் என்பதற்கு இன்றும் பழைய ஆவணத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

போர்ட் சொல்லாவிட்டால் 21. பயனர்பெயர் சொல்லாவிட்டால் 'அனானிமஸ்' என்று உள்ளே நுழைய வேண்டும். அதற்குப் பாஸ்வேர்டாக மின்னஞ்சல் முகவரியைத் தருவது பழைய மரபு. வலைத்தள முகவரிகளில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதிக்கு எஃப்டிபியில் எந்த வேலையும் கிடையாது. ஹேஷ் குறிக்குப் பின் வருவதும் சர்வருக்குப் போகாது.

முகவரியைச் சோதித்துப் பார்க்க உலாவியை நம்ப வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் 90, குரோம் 95 ஆகிய 2021-ஆம் ஆண்டுப் பதிப்புகளோடு இரண்டும் எஃப்டிபியை முற்றிலும் எடுத்துவிட்டன. கட்டளைவரியில் கர்ல் என்ற இறக்கும் கருவி இருந்தால் போதும். அதை விளக்கமான வெளியீட்டோடு ஓட்டினால் சர்வருக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையும் கண்ணுக்குத் தெரியும்.

முதல் படி: பெரிய துண்டுகளாக வெட்டுதல்

யூஆர்எல்ஸ்ப்ளிட் ஃபங்க்ஷனுக்கு முகவரியைக் கொடுத்தால் ஐந்து துண்டுகள் கிடைக்கும்: ஸ்கீம், நெட்லாக், பாத், குவெரி, ஃப்ராக்மென்ட். நெட்லாக் என்பது இரட்டைச் சாய்கோட்டுக்கும் அடுத்த சாய்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதி. அதை நீங்களாக வெட்ட வேண்டாம். விடையிலேயே யூசர்நேம், பாஸ்வேர்ட், ஹோஸ்ட்நேம், போர்ட் என்று நான்கு பண்புகள் தயாராக இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை:

யூசர்நேமும் பாஸ்வேர்டும் டீகோட் செய்யப்படாமலே வரும். முகவரியில் %40 என்று இருந்தால் பண்பிலும் %40 என்றே இருக்கும். சர்வருக்கு அனுப்பும் முன் டீகோட் செய்யும் அன்க்வோட் ஃபங்க்ஷன் வழியாக ஒரு முறை எடுத்துவிடுங்கள்.

பயனர்பெயர் இல்லை என்பதும் காலியாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. எஃப்டிபி://சர்வர்/ என்றால் யூசர்நேம் 'நன்', அதாவது மதிப்பே இல்லை என்பதற்கான பைத்தான் சொல். எஃப்டிபி://@சர்வர்/ என்றால் அது காலி ஸ்ட்ரிங். பாஸ்வேர்டுக்கும் இப்படியே: பயனர்பெயருக்குப் பின் முக்காற்புள்ளி மட்டும் இருந்தால் காலிப் பாஸ்வேர்டு, முக்காற்புள்ளியும் இல்லையென்றால் பாஸ்வேர்டே இல்லை. 'இருக்கிறதா' என்று மட்டும் கேட்கும் இஃப் வரி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். 'நன்'-ஆ என்று நேரடியாகக் கேளுங்கள்.

ஹோஸ்ட்நேம் சிறிய எழுத்துக்கு மாற்றப்பட்டு வரும். சர்வர் பெயரில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு இல்லாததால் இது சரி. ஐபி பதிப்பு 6 முகவரியாக இருந்தால், அதாவது எஃப்டிபி://[::1]:2121/ போல, சதுர அடைப்பை நீக்கி உள்ளே இருப்பதை மட்டும் தரும்.

போர்ட் பண்பைத் தொடும்போதுதான் அது சரிபார்க்கப்படுகிறது. எண்ணாக இல்லாவிட்டாலும், 65535-க்கு மேல் போனாலும் வேல்யூஎரர் அங்கே எழும். யூஆர்எல்ஸ்ப்ளிட் வரியில் எழாது. ஆகவே ட்ரை பகுதிக்குள் போர்ட்டைத் தொடும் வரியும் இருக்க வேண்டும்.

குவெரியிலோ ஃப்ராக்மென்டிலோ ஏதாவது வந்திருந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். முகவரியைத் தந்தவர் ஏதோ ஒரு குறியை என்கோட் செய்ய மறந்திருக்கிறார் என்பதற்கு அதுவே அடையாளம். அங்கேயே நிறுத்திப் பிழையைச் சொல்வது நல்லது.

பாஸ்வேர்டு உடையும் விதம்

பயனர் 'குமரன்', பாஸ்வேர்டு 45@7/9# என்று வைத்துக்கொள்வோம். என்கோட் செய்யாமல் ஒட்டினால்:

எஃப்டிபி://குமரன்:45@7/9#@கோப்பகம்.டெஸ்ட்/அறிக்கை

யூஆர்எல்ஸ்ப்ளிட் இதில் எந்தப் பிழையும் சொல்லாது. முதல் சாய்கோடு வரை நெட்லாக் என்று எடுத்துக்கொள்ளும்: குமரன்:45@7. அதில் கடைசி @ குறிக்குப் பின் இருப்பதுதான் சர்வர் என்பதால் சர்வரின் பெயர் '7', பாஸ்வேர்டு '45'. பாத் '/9'. மிச்சம் மொத்தமும் ஹேஷ் குறிக்குப் பின் இருப்பதால் ஃப்ராக்மென்ட். நிரல் '7' என்ற சர்வரைத் தேடிப் போய், இணைப்பு கிடைக்கவில்லை என்று திரும்பி வரும். பார்ப்பவர் ஃபயர்வாலையும் நெட்வொர்க்கையும் துருவிக்கொண்டிருப்பார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பாஸ்வேர்டில் @ மட்டும் இருந்தால் பைத்தான் கடைசி @ குறியில் வெட்டுவதால் முகவரி தற்செயலாக வேலை செய்துவிடும். அதே முகவரியை முதல் @ குறியில் வெட்டும் இன்னொரு கருவியிடம் கொடுத்தால் வேறு சர்வருக்குப் போகும். வேலை செய்கிறது என்பதால் முகவரி சரி என்று எண்ண வேண்டாம்.

சரியாக என்கோட் செய்தால் பாஸ்வேர்டு 45%407%2எஃப்9%23 என்று ஆகும். அடிக்கடி தேவைப்படும் குறியீடுகள்: இடைவெளிக்கு %20, ஹேஷ் குறிக்கு %23, சதவீதக் குறிக்கு %25, சாய்கோட்டுக்கு %2எஃப், முக்காற்புள்ளிக்கு %3ஏ, அரைப்புள்ளிக்கு %3பி, கேள்விக்குறிக்கு %3எஃப், @ குறிக்கு %40. இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பிழை தேடும்போது கண்ணுக்குப் பழகியிருந்தால் உதவும்.

பாத்: கவனம் அதிகம் தேவைப்படும் இடம்

வலைத்தள முகவரியில் பாத் என்பது ஒரே ஸ்ட்ரிங்காக சர்வருக்குப் போகிறது. எஃப்டிபியில் அப்படியில்லை. அது கட்டளைகளின் வரிசை. சாய்கோடுகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் ஃபோல்டர் மாற்றும் சிடபிள்யூடி கட்டளை ஒரு முறை போகும். கடைசித் துண்டுக்குக் கோப்பை எடுக்கும் ரெட்ர் கட்டளை. சர்வரின் இயங்குதளம் ஃபோல்டர்களைச் சாய்கோட்டால்தான் பிரிக்கும் என்ற உறுதி அந்தக் காலத்தில் இல்லாததால் வந்த ஏற்பாடு இது.

இதிலிருந்து வரும் முதல் விளைவு: சர்வர் பெயருக்குப் பின் வரும் முதல் சாய்கோடு பாத்தின் பகுதியே அல்ல, வெறும் பிரிப்பான். எஃப்டிபி://குமரன்@சர்வர்/தரவு/பட்டியல் என்றால், உள்ளே நுழைந்ததும் நிற்கும் ஃபோல்டரிலிருந்து 'தரவு' என்ற ஃபோல்டருக்குப் போ என்று பொருள். சர்வரின் வேரில் இருக்கும் /தரவு ஃபோல்டர் வேண்டுமென்றால் முகவரி இப்படி இருக்க வேண்டும்:

எஃப்டிபி://குமரன்@சர்வர்/%2எஃப்தரவு/பட்டியல்

இப்போது முதல் துண்டு டீகோட் ஆகி '/தரவு' என்று சிடபிள்யூடி கட்டளைக்குப் போகும். முழு பாத்தையும் முதலில் டீகோட் செய்துவிட்டுப் பிறகு சாய்கோட்டில் வெட்டுபவர்களுக்கு இந்த வேறுபாடு தொலைந்துபோகும். அவர்களுக்குக் கிடைப்பது ஒரு காலித் துண்டும் 'தரவு' என்ற துண்டும். இரட்டைச் சாய்கோடு போட்டாலும் இதே கதைதான்: ஆர்எஃப்சி 1738-இன்படி அதற்குப் பொருள் பெயர் எதுவும் இல்லாத சிடபிள்யூடி கட்டளை, வேர் ஃபோல்டர் அல்ல. எஃப்டிபிலிப்பின் சிடபிள்யூடி மெத்தடிடம் காலிப் பெயரைக் கொடுத்தால் அது ஒற்றைப் புள்ளியை அனுப்பும், அதாவது இருக்கும் இடத்திலேயே நிற்கும்.

பாத்தைப் பிரிக்கும் வரிசை:

1. முதல் எழுத்து சாய்கோடாக இருந்தால் அந்த ஒன்றை மட்டும் நீக்குங்கள். எல்ஸ்ட்ரிப் வேண்டாம், அது தொடக்கத்தில் உள்ள எல்லாச் சாய்கோடுகளையும் விழுங்கிவிடும்.
2. இறுதியில் அரைப்புள்ளியோடு 'டைப்=' இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தனியே எடுங்கள். இது டீகோடுக்கு முன் நடக்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே அரைப்புள்ளி இருந்தால் அது %3பி என்று என்கோட் ஆகியிருக்கும், குழப்பம் வராது.
3. மிச்சத்தைச் சாய்கோட்டில் வெட்டுங்கள்.
4. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஒரு முறை, ஒரே முறை, அன்க்வோட் செய்யுங்கள்.

கடைசித் துண்டு காலியாக இருந்தால் முகவரி சாய்கோட்டில் முடிந்திருக்கிறது, அது ஃபோல்டர். இரண்டாம் படியை நீங்களே செய்ய விரும்பாவிட்டால் யூஆர்எல்பார்ஸ் ஃபங்க்ஷன் எஃப்டிபி முகவரிகளில் அரைப்புள்ளிக்குப் பின் உள்ளதைப் பாரம்ஸ் என்று பிரித்தே தரும்.

'ஒரே முறை' என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சர்வரில் உள்ள கோப்பின் பெயரே 'பட்டியல்%20' என்று இருக்கலாம். யாரோ ஒரு காலத்தில் தவறாக ஏற்றியிருப்பார்கள். அதன் சரியான முகவரியில் அந்த இடம் %2520 என்று இருக்கும். ஒரு முறை டீகோட் செய்தால் %20, கோப்பு கிடைக்கும். இரண்டு முறை செய்தால் இடைவெளி, சர்வர் 550 (கோப்பு கிடைக்கவில்லை என்ற பதில் எண்) சொல்லும்.

டைப் பகுதி

மூன்றே எழுத்துகள். 'ஐ' என்றால் பைட்டுக்குப் பைட் அப்படியே. 'ஏ' என்றால் உரை, வரி முடிவுகள் மாற்றப்படும். 'டி' என்றால் கோப்புப் பெயர்களின் பட்டியல். படத்தையோ ஜிப் கோப்பையோ 'ஏ' முறையில் இறக்கினால் உள்ளே வரி முடிவு போலத் தெரியும் பைட்டுகள் மாறி, கோப்பு திறக்காது. இறக்கிய கோப்பின் அளவு சர்வரில் உள்ளதைவிடச் சில பைட் கூடியோ குறைந்தோ இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். எஃப்டிபிலிப்பில் ரெட்ர்பைனரி 'ஐ' முறையையும், ரெட்ர்லைன்ஸ் 'ஏ' முறையையும் தானே அமைத்துக்கொள்ளும். டைப் சொல்லப்படாதபோது பைனரியே பாதுகாப்பு.

இரண்டாம் படி: முகவரியைக் கட்டுதல்

கட்டும் ஃபங்க்ஷன் ஆறு விவரங்களை வாங்கட்டும்: சர்வர், போர்ட், பயனர், பாஸ்வேர்டு, பாத் துண்டுகளின் பட்டியல், டைப். பாத்தை ஒரே ஸ்ட்ரிங்காக வாங்காதீர்கள். ஒரு துண்டுக்குள் இருக்கும் சாய்கோட்டையும் பிரிக்கும் சாய்கோட்டையும் பிறகு வேறுபடுத்த முடியாது.

என்கோட் செய்ய க்வோட் ஃபங்க்ஷன். அதன் சேஃப் என்ற அளவுருவுக்கு இயல்பான மதிப்பு சாய்கோடு. அதாவது சாய்கோட்டை அப்படியே விட்டுவிடும். நமக்கு அது ஆகாது. எல்லா இடத்திலும் சேஃப் அளவுருவுக்குக் காலி ஸ்ட்ரிங்கைக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் '/தரவு' என்ற முதல் துண்டு தானாகவே %2எஃப்தரவு என்று ஆகிவிடும், வேர் ஃபோல்டருக்கென்று தனி நிரல் எழுத வேண்டியதில்லை.

க்வோட்-பிளஸ் என்ற ஃபங்க்ஷனை இங்கே தொடவே வேண்டாம். அது இடைவெளியைக் கூட்டல் குறியாக மாற்றும். அது வலைப்படிவங்களுக்கான வழக்கம். எஃப்டிபியில் கூட்டல் குறி என்றால் கூட்டல் குறிதான். ஜாவாவின் யூஆர்எல்என்கோடரும் இதே படிவ வழக்கத்தைப் பின்பற்றுவதால் அங்கிருந்து வரும் முகவரிகளில் இந்தக் கோளாறு அடிக்கடி தென்படும்.

ஒட்டும் வரிசை இது. பயனர் 'நன்' இல்லையென்றால் என்கோட் செய்த பயனர்பெயர், பாஸ்வேர்டும் 'நன்' இல்லையென்றால் முக்காற்புள்ளியும் என்கோட் செய்த பாஸ்வேர்டும், பிறகு @. அடுத்து சர்வர், அதில் முக்காற்புள்ளி இருந்தால் அது ஐபி பதிப்பு 6, சதுர அடைப்புக்குள் போடுங்கள். போர்ட் 21 இல்லையென்றால் மட்டும் முக்காற்புள்ளியோடு போர்ட். ஒரு சாய்கோடு. பிறகு என்கோட் செய்த துண்டுகள் சாய்கோட்டால் கோக்கப்பட்டு. டைப் இருந்தால் கடைசியில் ;டைப்= சேர்த்து முடியுங்கள்.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகள்

க்வோட் ஃபங்க்ஷன் யூடிஎஃப்-8 பைட்டுகளை என்கோட் செய்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. ஆக 'க' ஒன்றே முகவரியில் ஒன்பது எழுத்தாகிவிடும். நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்று. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'க' என்பதோடு ஒகர உயிர்க்குறி ஒரே புள்ளியாக வந்தால் மொத்தம் 6 பைட். அதே உயிர்க்குறி எகரக் குறி, ஆகாரக் குறி என்று இரண்டு புள்ளிகளாக வந்தால் 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. சர்வருக்கோ இவை வெவ்வேறு கோப்புகள். கோப்பு கண்ணெதிரே பட்டியலில் இருக்கிறது, எடுக்கப் போனால் 550. மேக் கணினிகளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிக்கும் என்பதால் அங்கிருந்து ஏற்றப்பட்டவற்றில் இது வரும். யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் கொண்டு நீங்கள் ஏற்றும் பெயர்களை எல்லாம் என்எஃப்சி என்ற சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே சர்வரில் இருப்பவற்றை எடுக்கும்போது, சர்வர் தரும் பட்டியலில் உள்ள பெயரை மாற்றாமல் அப்படியே பயன்படுத்துங்கள்.

எஃப்டிபிலிப் பைத்தான் 3.9 முதல்தான் பெயர்களை யூடிஎஃப்-8 ஆக அனுப்புகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் லத்தீன்-1 இயல்பாக இருந்தது, தமிழ்ப் பெயர் போகாது. இன்னொன்று, அன்க்வோட் ஃபங்க்ஷன் செல்லாத பைட்டுகளைக் கண்டால் பிழை சொல்லாமல் மாற்றுக்குறியைப் போட்டுவிடும். எரர்ஸ் அளவுருவுக்கு 'ஸ்ட்ரிக்ட்' என்று கொடுத்தால் அங்கேயே நின்று சொல்லும்.

மூன்றாம் படி: இணைக்கும் முன் சரிபார்த்தல்

டீகோட் ஆன துண்டுகள் நேரே சர்வருக்கான கட்டளை வரிக்குள் போகின்றன. எஃப்டிபியில் ஒரு கட்டளை வரி முடிவோடு முடிகிறது. முகவரியில் %0டி%0ஏ என்று ஒளித்து வைத்தால் டீகோட் ஆனதும் வரி முடிவாகி, அதன் பின் வருவது புதுக் கட்டளையாகிவிடும். கோப்பை அழிக்கும் கட்டளையாகக்கூட இருக்கலாம். புதிய எஃப்டிபிலிப் இதைக் கண்டால் வேல்யூஎரர் எழுப்பும். ஆனாலும் 32-க்குக் கீழுள்ள எழுத்துகளும் 127-உம் எந்தத் துண்டில் இருந்தாலும், பயனர்பெயர், பாஸ்வேர்டு உட்பட, நீங்களே மறுத்துவிடுங்கள்.

இறக்கிய கோப்பை உங்கள் கணினியில் சேமிக்கும் பெயரிலும் கவனம் தேவை. கடைசித் துண்டு %2எஃப் வழியாகச் சாய்கோடுகளையும் இரட்டைப் புள்ளிகளையும் கொண்டுவர முடியும். அதை அப்படியே ஓப்பன் ஃபங்க்ஷனிடம் கொடுத்தால் நீங்கள் நினைக்காத ஃபோல்டரில் எழுதும்.

இணைக்கும்போது எஃப்டிபி கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிடம் போர்ட் கொடுக்க இடமில்லை. காலியாக உருவாக்கி, கனெக்ட் மெத்தடுக்குச் சர்வரையும் போர்ட்டையும் கொடுங்கள். பிறகு லாகின், துண்டுக்கொரு சிடபிள்யூடி, கடைசியில் ரெட்ர்பைனரி. 530 என்றால் பயனர்பெயர் அல்லது பாஸ்வேர்டு, பெரும்பாலும் டீகோட் செய்ய மறந்தது. 550 என்றால் பாத். எந்தத் துண்டில் வந்தது என்று லாகில் எழுதிவைத்தால் தேடல் பாதியாகக் குறையும்.

லாகில் எழுதும்போது முழு முகவரியையும் எழுதிவிடாதீர்கள், பாஸ்வேர்டும் சேர்ந்து போய்விடும். யூஆர்எல்ஸ்ப்ளிட் தந்த விடையின் ரீப்ளேஸ் மெத்தடால் (பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு உண்டு) நெட்லாக்கைப் பாஸ்வேர்டு இல்லாமல் மாற்றி எழுதுங்கள். முடிந்தால் முகவரியில் பாஸ்வேர்டே வேண்டாம். சர்வர்களுக்கான பயனர்பெயர், பாஸ்வேர்டுகளை வைக்கும் நெட்ஆர்சி கோப்பில் வைத்து, பைத்தானின் நெட்ஆர்சி மாட்யூலால் படித்துக்கொள்ளலாம்.

எஃப்டிபிஎஸ், எஸ்எஃப்டிபி

வெறும் எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைப்பின்றிப் போகிறது. எஃப்டிபி-டிஎல்எஸ் கிளாஸைப் பயன்படுத்தினால் 21-ஆம் போர்ட்டிலேயே பேச்சைத் தொடங்கிப் பிறகு மறையாக்கத்துக்கு மாறும். லாகினுக்குப் பின் ப்ராட்-பி மெத்தடை அழைத்தால்தான் கோப்பின் உள்ளடக்கமும் மறைந்து போகும். எஃப்டிபிஎஸ்:// என்ற தொடக்கமோ தொடக்கத்திலிருந்தே மறையாக்கம், போர்ட் 990. யூஆர்எல்ஜாயின் ஃபங்க்ஷனின் உள்பட்டியலில் எஃப்டிபிஎஸ் இல்லாததால் சார்பு முகவரியை அதனுடன் சேர்த்தால் அடிப்படை முகவரி காணாமல் போய், சார்புப் பகுதி மட்டும் திரும்பும்.

எஸ்எஃப்டிபி பெயரில்தான் உறவு. எஸ்எஸ்ஹெச் என்ற மறையாக்கத் தொலை இணைப்பின் மேல் ஓடும் வேறு நெறிமுறை, போர்ட் 22, எஃப்டிபிலிப் அதனுடன் பேசாது. கர்ல் கருவியில் எஸ்எஃப்டிபி முகவரியின் பாத் வேரிலிருந்தே தொடங்கும். வீட்டு ஃபோல்டருக்கு /~/ என்று எழுத வேண்டும். எஃப்டிபி முகவரியின் முதல் எழுத்துகளை மட்டும் மாற்றி எஸ்எஃப்டிபி ஆக்கினால் கோப்பு கிடைக்காமல் போவது இதனால்தான்.

சோதனை

கட்டும் ஃபங்க்ஷனையும் பிரிக்கும் ஃபங்க்ஷனையும் ஒன்றோடொன்று மோதவிடுங்கள். விவரங்களிலிருந்து முகவரியைக் கட்டி, அதைப் பிரித்தால் அதே விவரங்கள் திரும்ப வர வேண்டும். எதிர்த்திசையில், அதாவது முகவரியைப் பிரித்துக் கட்டினால் அதே எழுத்துகள் வரும் என்று எதிர்பார்க்க முடியாது: :21 மறைந்துபோகும், தேவையின்றி என்கோட் ஆன எழுத்துகள் பழையபடி ஆகும். அது பிழையல்ல. மாதிரி விவரங்களில் இவை இருக்கட்டும்: சாய்கோடும் @ குறியும் ஹேஷ் குறியும் உள்ள பாஸ்வேர்டு, காலிப் பாஸ்வேர்டு, பாஸ்வேர்டே இல்லாதது, வேர் ஃபோல்டர், சாய்கோட்டில் முடியும் ஃபோல்டர், இடைவெளியும் கேள்விக்குறியும் அரைப்புள்ளியும் உள்ள கோப்புப் பெயர், பெயரிலேயே %20 உள்ள கோப்பு, 'கொ' உள்ள தமிழ்ப் பெயர் இரண்டு வடிவிலும், போர்ட்டோடு சேர்ந்த [::1].